ஊர்க் கதையும் கிராம சபைத் தீர்மானமும்

கண்மாய் நிரம்பாவிட்டால் மழையைக் குறை கூறுகிறோம். ஆனால் நல்ல மழை பெய்தும் பல கண்மாய்கள் நிரம்புவதில்லை. வரத்துக்கால்வாய் தூர்ந்திருக்கும், அல்லது வயலோடு சேர்த்து உழப்பட்டிருக்கும். கால்வாய் ஓடிய இடத்தை அறிந்த பெரியவர்கள் மறைந்துவிட்டால், அதைக் கேட்கவும் ஆளிருக்காது. எனவே ஊரின் நினைவைக் காப்பது நீரைக் காப்பதன் முதற்படியாகும்.

அரிட்டாபட்டி காட்டிய வழி

மதுரை மாவட்டம் மேலூர் அருகிலுள்ள அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள் உள்ளன. இவற்றில் விழும் மழைநீர் 72 ஏரிகளுக்கும் 200 சுனைகளுக்கும் ஆதாரம். தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைக் கோயில், சுமார் 250 வகைப் பறவைகள் ஆகியவையும் இங்குண்டு. இவ்வூரிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193.215 எக்டர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

2024 நவம்பரில் இப்பகுதி டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் போன செய்தி வந்தது. சுற்றுவட்டாரக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7இல் மக்கள் மதுரைக்குப் பேரணியாகச் சென்றனர். ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தம் மலையில் என்ன இருக்கிறது என்பதை மக்கள் அறிந்திருந்தனர். அது முன்பே பதிவாகியும் இருந்தது.

உங்கள் ஊரில் செய்ய வேண்டியவை

1. மடை திறப்போர், ஆடு மேய்ப்போர், நடவுப் பெண்கள் ஆகியோரிடம் கேட்டு எழுதுங்கள். கலிங்கு எந்த ஆண்டு வழிந்தது? தண்ணீர் எந்த வழியாக வந்தது? சொன்னவர் பெயரையும் தேதியையும் குறியுங்கள்.

2. அவர்கள் சொன்னபடி களத்து மேட்டில் கோலப்பொடியால் ஊர்ப்படம் வரையுங்கள். பின்பு கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள புலப்படத்தோடும் அ-பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் புல எண்ணைக் குறியுங்கள். கதை இடத்தைக் காட்டும். எல்லையை அளவைதான் முடிவு செய்யும்.

3. தென் மாவட்டங்களில் வில்லுப்பாட்டு, வட மாவட்டங்களில் தெருக்கூத்து என அந்தந்த வட்டாரக் கலையில் கண்மாயின் கதையைத் திருவிழாவில் சொல்லச் செய்யலாம். ஆக்கிரமித்தவரின் பெயரை மேடையில் சொல்லக்கூடாது. சொன்னால் அது பகையாக மாறிவிடும்; கால்வாய் மீளாது.

4. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் புல எண்ணுடன் தீர்மானம் கொண்டுவாருங்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரையுள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வர வேண்டும். கூத்துப் பார்க்கக் கூடியவர்கள் சபைக்கும் வந்தால் இது எளிது.

5. தீர்மான நகலைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலுள்ள மரம், மீன், பறவை, பழைய நெல் ரகம் ஆகியவற்றை ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

திண்ணையில் சொன்ன கதை சொன்னவரோடு போய்விடும். புல எண்ணோடு தீர்மானப் புத்தகத்தில் ஏறினால், அதுவே அடுத்த தலைமுறைக்குச் சாட்சியாகும். வரும் கிராம சபைக்கு முன்பே உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கத் தொடங்குங்கள்.