எண்ணெய் தின்னும் குட்டிப் பூதங்கள்!

புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கம் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? பலா, வாழை, கடலை, பூ என, எது வைத்தாலும் விளையும் மண். அந்தத் தாலுகாவைச் சேர்ந்த நெடுவாசலில், 2017ல், ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து, ஊரே திரண்டு போராடியது. நம் மண் கெட்டுப் போகுமே என்பதுதான் அவர்களது பயம்.

கச்சா எண்ணெய் வயலில் கொட்டினால் என்ன ஆகும்? மண் துகள்களைச் சுற்றி ஒட்டிக் கொள்ளும். தண்ணீர் இறங்காது, வேருக்குக் காற்று கிடைக்காது, பயிர் வாடி விடும். சோப்பு போட்டுக் கழுவ, வயல் என்ன சட்டையா?

அதற்குத்தான் கண்ணுக்குத் தெரியாத சில பூதங்கள் இருக்கின்றன. அவை பாக்டீரியாக்கள்! நமக்கு இட்லி போல, இவற்றுக்கு எண்ணெய்.

டில்லியில் உள்ள, 'டெரி' ஆராய்ச்சி நிறுவனம், இப்படிப்பட்ட ஐந்து வகை பாக்டீரியாக்களைச் சேர்த்து, 'ஆயில்ஜாப்பர்' என்ற கலவையை உருவாக்கியது. ஏன் ஐந்து? கச்சா எண்ணெயில் பலவிதப் பொருட்கள் கலந்திருக்கும். ஒன்று தொடாததை, இன்னொன்று தின்னும்!

மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரைப் பொடியாக்கி, அதில் இவற்றைக் கலந்து எடுத்துப் போவர். எண்ணெய் படிந்த மண்ணில் தூவி, தண்ணீர் தெளித்து, காற்றுப் புக அடிக்கடி உழ வேண்டும். நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்தும் தர வேண்டும். கிட்டத்தட்ட விவசாயம்தான்! எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடாகவும், தண்ணீராகவும் மாறும். தீனி தீர்ந்ததும், பூதங்களின் கூட்டமும் குறைந்து விடும். ஆனால், இதற்கு மாதக்கணக்கில் ஆகும், அவசரக்காரர்களுக்குச் சரிப்படாது.

தமிழகத்திலும் இவை வேலை பார்த்திருக்கின்றன. 2017 ஜனவரி 28ல், சென்னை அருகே எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கடலில் கொட்டிய எண்ணெய், கரையெல்லாம் கறுப்புச் சேறாக ஒதுங்கியது. மீனவர்களும், மாணவர்களும் வாளி வாளியாக அள்ளினர். அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது? துறைமுகத்திலேயே இடம் ஒதுக்கி, பாக்டீரியாக்களிடம் ஒப்படைத்தனர். இந்தியன் ஆயிலும், டெரியும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் கலவையில், கந்தகத்தை விரும்பும் பாக்டீரியாவும் உண்டு.

எல்லா விஷத்தையும் இவை தின்று விடுமா என்றால், அதுதான் இல்லை. ராணிப்பேட்டையில், மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் குரோமியக் கழிவு மலை போல் குவிந்து, நிலத்தடி நீரைக் கெடுத்தது. குரோமியம் ஓர் உலோகம். அதைச் சிதைக்க எந்த பாக்டீரியாவாலும் முடியாது. சில வகைகள், அதன் நச்சு மிகுந்த வடிவத்தை, நச்சு குறைந்த வடிவமாக மாற்றும், அவ்வளவே. குரோமியம் என்னவோ, மண்ணிலேயே தான் கிடக்கும்.