மலையும் மரமும் காசுக்கு, மனிதர்கள் இலவசம்! தெரியுமா?

பெரிய மரம், தூரத்தில் ஒரு பாலம், அதற்கும் அப்பால் மங்கலாக மலை. கீழே மூலையில் எறும்பு சைஸில் இரண்டு மூன்று ஆட்கள். 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நிலக்காட்சிச் சித்திரம் எதைப் பார்த்தாலும் இதுதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயமே அந்த எறும்புகளிடம்தான் இருக்கிறது!

குளோத் லொரேனைத் தெரியுமா? ரோமில் வாழ்ந்து 1682-ல் மறைந்த நிலக்காட்சி மன்னர். காட்சிக்குத்தான் காசு, அதில் நிற்கும் ஆட்கள் இலவச இணைப்பு என்று அவரே சொல்லிச் சிரிப்பாராம்! மரத்தின் ஒவ்வோர் இலையிலும் வெயிலைக் கொண்டுவந்த மனிதருக்கு, மனிதர்களை வரைவது மட்டும் தகராறு! சில படங்களில் வேறு ஓவியர்கள் வந்து ஆட்களைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய கடைசிப் படம் ஆக்ஸ்போர்டில், அஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கிறது. அதில் மானைக் குறிபார்க்கும் அஸ்கானியஸ் என்ற புராண இளைஞனைப் பாருங்கள். தென்னை ஈர்க்குக்கு உடுப்பு மாட்டியது போல அத்தனை ஒல்லி, அத்தனை உயரம்!

இன்னொன்று தெரியுமா? தன் பெயரில் போலிப் படங்கள் உலவியதால், வரைந்த ஓவியங்களை ஒரு நோட்டில் மறுபடி வரைந்து வைத்தார் லொரேன். பெயர் ‘லிபர் வெரிடாட்டிஸ்’, அதாவது சத்தியப் புத்தகம்! வெள்ளைத் தாளும் நீலத் தாளும் மாறி மாறி வரும் அந்த நோட்டில் சுமார் 200 சித்திரங்கள். இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன.

சரி, அந்தக் குட்டி ஆட்கள் யார்? கழுதை மேல் ஒரு பெண், மடியில் குழந்தை, கூடவே ஒரு பெரியவர். வழிப்போக்கர்கள் என்றா நினைத்தீர்கள்? குழந்தை இயேசுவோடு எகிப்துக்குத் தப்பி ஓடும் மரியாளும் யோசேப்பும்! கையில் மீனோடு ஒரு பையன், பக்கத்தில் சிறகு வைத்த ஆள்? பைபிள் கதையில் வரும் தோபியாவும் தேவதூதர் ரபேலும்!

எனக்கு ரொம்பப் பிடித்தது, ரோமின் டோரியா பாம்ஃபீலி மாளிகையில் உள்ள லொரேன் படம். ஒருவர் மெய்மறந்து வயலின் வாசிக்கிறார். அவருக்குத் தெரியாமல் இன்னொருவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு நழுவுகிறார். மாடு மேய்ப்பவரும் மாட்டுத் திருடனும்தானே? இரண்டு பேருமே கடவுள்கள்! வாசிப்பவர் அப்போலோ, திருடுபவர் மெர்க்குரி! புராண காலத்தில் வயலின் ஏது என்று யாரும் கேட்கக் கூடாது!

லொரேன் நோட்டில் இருப்பது போல மையால் வரைந்த பழைய சித்திரங்கள் ஏன் பழுப்பாகவே இருக்கின்றன தெரியுமா? ஒரு பழுப்பு மை, விறகுப் புகைக்கரியில் செய்தது! இன்னொரு மை, கைக்குழந்தைக்கு உரசிப் புகட்டுவோமே அந்த மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தது! கறுப்பாக எழுதும், காலப்போக்கில் பழுத்துவிடும், சில சமயம் தாளையே அரித்து ஓட்டை போட்டுவிடும்!

கடைசியாக, கண்ணுக்கு ஒரு பரீட்சை. 1643-ல் டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் செம்புத் தகட்டில் கீறி அச்சிட்ட ‘மூன்று மரங்கள்’. மொத்தமே கிட்டத்தட்ட ஏ4 தாள் அளவுதான்! மேலே மழை மேகம் புரள்கிறது. இடப்பக்கம் ஒருவர் தூண்டில் போடுகிறார், பக்கத்தில் ஒரு பெண். கண்டுபிடித்தாயிற்றா? இப்போது வலப்பக்கம் கீழே, கும்மிருட்டுப் புதருக்குள் உற்றுப் பாருங்கள். ஒரு காதல் ஜோடி! லென்ஸ் இல்லாமல் கண்டுபிடித்தால் உங்கள் கண்ணுக்குச் சுற்றிப் போடலாம்!

இன்னும் முடியவில்லை. மேட்டின் மேல், வலது ஓரத்தில், பொடிசாக ஓர் ஓவியர் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறார். மரங்களையா? இல்லை! மரங்களுக்கும் மழைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, படத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறார். அப்படி அங்கே என்னதான் இருந்தது? ரெம்ப்ராண்ட் காட்டவே இல்லை!