பைக் ஓட்டும்போது கை மரத்துப் போகுதா? எந்த விரல்னு கவனிங்க!

திண்டிவனம் தாண்டுறதுக்குள்ளயே வண்டியை ஓரங்கட்டி கையை உதறுறீங்களா? 'வைப்ரேஷன்தான்' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் எந்த விரல் மரத்துப் போகிறது என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டு வழியாகச் செல்லும் மீடியன் நரம்பு அழுத்தப்படுகிறது. மணிக்கட்டை மடக்கியபடியே ஓட்டுவது முக்கிய காரணம். சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் அல்நார் நரம்பு. உடம்பு எடையை உள்ளங்கையில் போட்டு ஓட்டுபவர்களுக்கு இது வரும்.

சரி, என்ன செய்யலாம்? சீட்டில் உட்கார்ந்து விரல்களை கிளட்ச் லிவர் மேல் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கினால் லிவர் உயரமாக இருக்கிறது. மெக்கானிக்கிடம் சொன்னால் போல்டைத் தளர்த்தி இறக்கிவிடுவார், அஞ்சு நிமிஷ வேலை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், முட்டியால் டேங்கை அணைத்து உட்காருங்கள். ஹேண்டில் முனையில் இருக்கும் இரும்புக் குண்டை அழகுக்குன்னு நினைச்சு கழற்றிடாதீங்க. அதிர்வைக் குறைப்பதே அதுதான்.

தூக்கத்திலும் கை மரத்து முழிப்பு வருகிறது, பொருட்கள் கையிலிருந்து நழுவுகின்றன என்றால் உடனே டாக்டரைப் பாருங்க. சர்க்கரை நோய், தைராய்டு இருப்பவர்களுக்கு இதற்கு வாய்ப்பு அதிகம்.