முடிச்சில் எழுந்தவள்

காலியான வயர் கூடை ஒன்றைத் தரையில் வைத்துப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும். உள்ளே சட்டம் கிடையாது, பசை கிடையாது. முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துவிட்டால் அதே வயர் தரையில் சுருண்டு கிடக்கும். நெல்லிக்காய் முடிச்சோ சிவன் கண்ணோ, ஒரு பெண்ணின் விரல்கள் இறுக்கிய அந்தப் பின்னல்தான் துவளும் பொருளுக்கு உடம்பு கொடுத்திருக்கிறது.

அந்த வித்தையை ஆள் உயரத்துக்கும் மேலே கொண்டுபோனவர் மிருணாளினி முகர்ஜி. 1949இல் பம்பாயில் பிறந்தவர். பரோடாவில் ஓவியம் படித்து, கே.ஜி. சுப்ரமணியனிடம் சுவரோவியம் பயின்றார். கைவினை கீழே, கலை மேலே என்ற ஏணியை ஏற்காத ஆசிரியர் அவர். 1970களின் தொடக்கத்திலிருந்து மிருணாளினி கையில் எடுத்தது சணல் கயிறு. மூட்டை கட்டவும் கட்டில் பின்னவும் விற்கிற அந்தக் கயிற்றுக்குக் காவியும் ஊதாவும் மஞ்சளும் ஏற்றி, தறியே இல்லாமல், முன்வரைபடமும் இல்லாமல், முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே போனார். ஓர் உருவம் முடிய மாதக்கணக்கில் ஆகும். பெரிய உருவங்களுக்குள் உலோகச் சட்டம் இருக்கும். சில கூரையிலிருந்து தொங்கும். ஆனால் மடிப்பு, புடைப்பு, குகைபோல் உள்வாங்கும் வாய், இதழாக விரியும் விளிம்பு எல்லாம் முடிச்சின் வேலை.

அந்த முடிச்சுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது என்று தேடினால் வயலுக்குத்தான் போக வேண்டும். சணல் செடியின் தண்டில், பட்டைக்கு அடியில், நார்க்கற்றைகள் நெடுக ஓடுகின்றன. காற்றில் ஒடியாமல் செடியை நிமிர்த்தி வைப்பது அவற்றின் பொறுப்பு. அறுத்த தண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால், நாரையும் பட்டையையும் ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். நார் தனியே உரிந்து வரும். அந்த நாரைப் பிரித்துக்கொண்டே போனால், அது மிகக் குட்டையான செல்கள் வரிசையாக ஒட்டிய கற்றை என்று தெரியும். குட்டையானவை சேர்ந்து நீளமான கயிறாவது முறுக்கினால். திரித்த இழையை இழுக்கும்போது வெளிநார்கள் உள்நார்களை நெருக்குகின்றன. நெருக்கம் கூடக்கூட உராய்வு கூடுகிறது. இழுக்க இழுக்க இறுகும் பிடி இது! இழையை வலம்புரியாக முறுக்கினால் புரியை இடம்புரியாகத் திரிப்பார்கள். ஒன்று அவிழத் துடிக்கும் திசையில் மற்றொன்று இறுகும். அதனால்தான் கயிறு கையில் அமைதியாகக் கிடக்கிறது.

முடிச்சில் நடப்பது இன்னும் வியப்பு. கம்பத்தில் கயிற்றைச் சுற்றிப் படகைக் கட்டுகிறவர்களுக்கு இது கைப்பழக்கம். அந்தப் பிடிப்பைக் கணக்காக எழுதியவர்களில் ஒருவர் கணித மேதை ஆய்லர். சுற்றின் எண்ணிக்கை கூடும்போது பிடிப்பு பெருக்கல் கணக்கில் ஏறும். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்று, மறுமுனையைப் பிடித்திருக்கும் விசையைப்போல் சுமார் 6.6 மடங்கு பளுவைத் தாங்கும். இரண்டு சுற்று 43 மடங்கு. மூன்று சுற்று 286 மடங்கு. ஒரு முடிச்சில் கயிறு தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. தனக்குத் தானே கம்பமாகிறது. ஆயிரக்கணக்கான முடிச்சுகள் அடுத்தடுத்து அமையும்போது, வளையக்கூடிய கயிறு வளைய இடமில்லாமல் கெட்டிப்படுகிறது. வயலில் செடியை நிற்கவைத்த நார் கலைக்கூடத்தில் மறுபடி எழுந்து நிற்கிறது.

எழுந்து நிற்பவள் யார்? 1984இல் அவர் முடித்த உருவம் ஒன்றின் பெயர் 'யக்ஷி'. மரத்திலும் நீரிலும் குடிகொண்ட பழந்தெய்வம். நம் தென்மாவட்டங்களில் இசக்கி என்று மஞ்சணை பூசி வணங்குவதும் அவள் வழி வந்தவளைத்தான். 1994இல் 'வனஸ்ரீ', அதற்கு முந்தைய ஆண்டு 'புஷ்ப்'. மலரா, உடலா, கருவறையா என்று பிரிக்க முடியாதபடி ஒன்றுக்குள் ஒன்று மடிந்திருக்கும் உருவங்கள். எனக்கு அவற்றில் பிடித்தது அவற்றின் கூச்சமின்மை. பெண்ணுடலை அழகுப் பொருளாக வழவழப்பாக்கிக் காட்டாமல், சொரசொரப்பும் கனமுமாக, பார்ப்பவரைச் சற்றே பின்வாங்க வைக்கிற உயிராக நிறுத்துகிறார். மிருணாளினியின் தாய் லீலா முகர்ஜி சிற்பி. தந்தை வினோத் பிஹாரி முகர்ஜி, கண் அறுவைக்குப் பின் பார்வை இழந்தும் விரல்களால் தொட்டுத் தொட்டுப் படைத்த ஓவியர். சத்யஜித் ராய் 1972இல் எடுத்த 'தி இன்னர் ஐ' ஆவணப்படம் அவரைப் பற்றியது. விரலை நம்பிய வீடு அது.

பெண்ணும் நாரும் சேர்ந்த படிமம் மிகப் பழையது. 1922இல் தெற்கு பிரான்சின் லெஸ்பூக் பகுதியில் ஒரு பெண் உருவம் கிடைத்தது. மாமத யானைத் தந்தத்தில் செதுக்கியது, சுமார் 15 செ.மீ. உயரம், 20,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமை. அதன் முதுகுப்புறம், இடைக்குக் கீழே, கயிறுகள் வரிசையாகத் தொங்குகின்றன. துணிகளின் தொல்வரலாற்றை ஆராய்ந்த எலிசபெத் வேலண்ட் பார்பர் கவனித்தது இது: ஒவ்வொரு கயிற்றிலும் முறுக்கைச் செதுக்கியிருக்கிறார் அந்தப் பெயரறியாத சிற்பி, நுனிகள் பிரிந்து சிலும்புவதையும் விடவில்லை. கயிறு திரித்துப் பழகிய கையை அருகிலிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும், அல்லது அந்தக் கையே அவருடையதாக இருந்திருக்கலாம்.

அங்கே பெண் கயிற்றை உடுத்தியிருந்தாள். மிருணாளினியிடம் அவள் கயிறாகவே ஆகிவிட்டாள்.

பிற்காலத்தில் அவர் சுடுமண்ணுக்கும் வெண்கலத்துக்கும் மாறினார். 2015 ஜனவரி இறுதியில் டெல்லி நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி திறந்தது. சில நாட்களுக்குள் அவர் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2019இல், அதே சணல் தெய்வங்கள் நியூயார்க்கின் மெட் பிரொயர் கூடத்தில் நின்றன. சுற்றிவந்து பார்த்தவர்களுக்கு அருகே போனதும் தெரிந்திருக்கும்: தெய்வத்தின் தோள் என்று தூரத்தில் தோன்றியது, விரல் நுனி அளவு முடிச்சுகளின் வரிசை.