கத்தே கொட்டகையின் முன்சுவர்

"சிங்கப்பூர் கத்தேயைப் பார்த்திருக்கியா, கண்ணு?" என்று நான் சிறுமியாக இருந்தபோது என் பாட்டி அடிக்கடி கேட்பார். அவர் படம் பார்த்ததெல்லாம் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டியபோதுதான். சிங்கப்பூருக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. ஆயினும் அந்தப் படக்கொட்டகையின் பெயரை அவர் சாகும்வரை மறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

சென்ற விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் சென்றேன். டோபிகாட்டில் அந்தக் கட்டடத்தின் எதிரே நின்று, பாட்டி சொன்னதையும் பின்னாளில் நான் படித்ததையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

ஈயச் சுரங்கங்களிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் பெரும் பொருள் ஈட்டியவர் கோலாலம்பூர் லோக் யூ. அவருடைய மகன் லோக் வான் தோவும் தாயாரும் எழுப்பியதுதான் கத்தே. பிராங்க் புரூவர் என்ற ஆங்கிலேயர் வரைபடம் போட்டார். 1939 அக்டோபர் 3 அன்று கொட்டகை திறக்கப்பட்டது. சுமார் 1,300 இருக்கைகள், குளிர்சாதன வசதி எல்லாம் இருந்தன. கொட்டகைக்குப் பின்னால் எழுந்த அடுக்குமாடிதான் அந்நாளில் சிங்கப்பூரிலேயே உயரமான கட்டடம்.

1942 பிப்ரவரியில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தனர். கட்டடம் அவர்களுடைய பிரசாரத்திற்கும் வானொலிக்கும் பயன்பட்டது.

1943 ஜூலை 4 அன்று, இதே கொட்டகையில்தான் ராஷ் பிகாரி போஸ் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை நேதாஜி சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று, சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை நேதாஜி இங்கேயே பிரகடனம் செய்தார். உறுதிமொழியை வாசிக்கையில் அவருக்குத் தொண்டை அடைத்துப் பேச்சு நின்றுபோனதாக, உடனிருந்த எஸ். ஏ. ஐயர் எழுதியிருக்கிறார்.

அந்தச் செய்தியை எங்கள் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் கிராணியார் படித்துச் சொன்னாராம். "கத்தேயில நம்ம சர்க்கார் பொறந்திருக்கு" என்று லயமெல்லாம் அதே பேச்சாம். பாட்டியின் தாயார் தம் காதுத் தோட்டைக் கழற்றி நிதிக்குக் கொடுத்தார். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த பாட்டியின் அண்ணன் படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். திரும்பி வரவில்லை, கடிதமும் இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து இப்படிப் புறப்பட்ட தமிழர் பலர். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள்.

போருக்குப் பின் கத்தே மறுபடியும் படக்கொட்டகையாயிற்று. லோக் வான் தோ 1964இல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் மாண்டார். 2000ஆம் ஆண்டில் புதுப்பிப்பதற்காகக் கொட்டகையை மூடினார்கள். 2003இல் அதன் முன்முகப்பு தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. முகப்பை மட்டும் நிறுத்திவைத்து, பின்னால் இருந்தவற்றை இடித்து, கண்ணாடி பதித்த புதுக் கட்டடம் எழுப்பினார்கள். 2006 மார்ச்சில் அது கடைகளோடும் பல திரைகளோடும் திறக்கப்பட்டது. 2022 ஜூனில் அங்கே கத்தே நிறுவனம் தன் படக்காட்சிகளை நிறுத்திக்கொண்டது.

நான் சொல்லி முடித்ததும் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அப்படின்னா நேதாஜி நின்ன மேடை எங்கே?"

"அது இப்போது இல்லையம்மா" என்றேன். அவள் முகம் வாடிப்போயிற்று. எனக்கும் மனம் கனத்தது. முன்சுவரையாவது காப்பாற்றினார்களே என்று நன்றி சொல்லத்தான் வேண்டும். நம் தோட்டங்களில் எத்தனையோ பழைய லயங்கள் ஒரு சுவர்கூட மிஞ்சாமல் போய்விட்டன. ஆனால் அந்தச் சுவரில் என் பாட்டியின் அண்ணன் பெயர் இல்லை. இருக்கவும் முடியாது. அவர் அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்தவர் அல்லர். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம்தாம்.

அன்பான பெற்றோர்களே! உங்கள் வீட்டிலும் பர்மாவுக்குப் போனவர் ஒருவர் இருந்திருக்கலாம். தோடு கொடுத்த பாட்டி ஒருவர் இருந்திருக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். பெயரையும் ஊரையும் தோட்டத்தையும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய மறுநாளே என் மாணவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். முதல் பெயர், என் பாட்டியின் அண்ணனுடையது.