அவர் எங்கே?

கண்ணாமூச்சி ஆடும்போது, ஒருவனை அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறீர்களா? உடனே திறந்துவிட்டால் அது விளையாட்டு. உண்மையாகவே ஒருவரை எந்தப் பக்கமும் போகவிடாமல் அடைத்து வைத்தால், சட்டப்படி குற்றம்!

அதற்குப் பூட்டுகூடத் தேவையில்லை. ஒரு கட்டடத்தின் வாசல்களில் துப்பாக்கியோடு ஆட்களை நிறுத்தி, ‘வெளியே வந்தால் சுடுவோம்’ என்று மிரட்டினாலும் அடைத்து வைத்ததுதான். 1860-இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இந்த உதாரணம் இருந்தது.

சரி, போலீசாரே ஒருவரைத் தவறாக அடைத்து வைத்தால்? சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கும் ஒரு விசித்திரமான வழக்கைப் பார்ப்போமா?

காஷ்மீர் சட்டசபையில் பீம் சிங் என்று ஓர் உறுப்பினர் இருந்தார். 1985 ஆகஸ்டில் அவரைச் சபையிலிருந்து சஸ்பெண்ட் செய்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். செப்டம்பர் 9-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. 11-ஆம் தேதி சபை கூடுகிறது. உடனே ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்குக் காரில் கிளம்பிவிட்டார்.

ஸ்ரீநகருக்கு இன்னும் 70 கிலோமீட்டர்தான் பாக்கி. காசிகுண்ட் என்ற ஊரில், அதிகாலை 3 மணிக்கு போலீஸ் வழிமறித்துக் கைது செய்தது. எங்கே கொண்டு போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் இல்லாமலே சபை கூடியது.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்கிறது நம் அரசியல் சட்டம். போலீசார் என்ன செய்தார்கள் தெரியுமா? மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்கே போய், ‘காவலில் வைக்கலாம்’ என்று உத்தரவு வாங்கிக்கொண்டார்கள். பீம் சிங்கை அழைத்துப் போகவே இல்லை. ஆளைப் பார்க்காமலே உத்தரவு!

உள்ளே இருப்பவர் எப்படிக் கோர்ட்டுக்குப் போவார்? அதற்குத்தான் ‘ஆட்கொணர்வு மனு’ இருக்கிறது. அடைபட்டவருக்காக வேறொருவர், ‘ஆளை இங்கே கொண்டு வரச் சொல்லுங்கள்’ என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். பீம் சிங்கின் மனைவி ஜெயமாலா உச்ச நீதிமன்றத்தில் அப்படித்தான் கேட்டார். ‘அவர் எங்கே?’ என்று நீதிமன்றம் போலீசைக் கேட்டது. 16-ஆம் தேதி பீம் சிங் வெளியே வந்தார்.

ஆள்தான் வந்துவிட்டாரே, வழக்கு முடிந்தது என்று நீதிபதிகள் விட்டுவிடவில்லை. சபைக்குப் போகவிடாமல் தடுக்கத்தான் இந்த வேலை என்று கண்டுகொண்டார்கள். பீம் சிங்குக்கு 50,000 ரூபாய் நஷ்டஈடு தரும்படி 1985 நவம்பர் 22-இல் அரசுக்கு உத்தரவிட்டார்கள். அந்த நாளில் அது பெரிய தொகை!

பீம் சிங் எம்.எல்.ஏ. ஆயிற்றே, அவருக்கு எல்லாம் நடக்கும் என்கிறீர்களா? நியாயமான கேள்விதான். நெய்வேலிக்குப் பக்கத்தில் இருக்கிற கம்மாபுரத்துக்கு வாருங்கள்.

1993 மார்ச். முதனை கிராமத்தில் கூலி வேலை செய்து பிழைத்த ராஜாக்கண்ணுவை, ஒரு திருட்டு வழக்குக்காக கம்மாபுரம் போலீசார் பிடித்துப் போனார்கள். பிறகு, ‘அவர் தப்பி ஓடிவிட்டார்’ என்றார்கள். அவர் மனைவி பார்வதி அதை நம்பவில்லை. பணமும் இல்லை, பெரிய மனிதர்களின் பழக்கமும் இல்லை. ஆனாலும் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ஜெயமாலா கேட்ட அதே கேள்விதான். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் சந்துரு, பின்னாளில் அதே நீதிமன்றத்தில் நீதிபதி ஆனார்.

இந்த முறை ஆளைக் கொண்டுவர முடியவில்லை. காவலில் அடிபட்டு ராஜாக்கண்ணு இறந்துபோயிருந்தார். அது வெளியே வந்ததே பார்வதி விடாமல் கேட்டதால்தான். வழக்கு 2006 வரை நடந்து, போலீசாருக்குத் தண்டனை கிடைத்தது. 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தின் கதை இதிலிருந்து பிறந்ததுதான்.