மனம் ஓடட்டும், நீங்கள் உட்காருங்கள்

டீயை வாங்கிக்கொண்டு உட்காருங்கள், பொறுமையாகவே பேசுவோம். தியானம் பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இடத்தைப் பற்றித்தான். கள்ளக்குறிச்சிக்காரர் என்றால், "கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைப் பக்கம் போய் உட்கார்ந்தால் மனம் அடங்குமா?" என்பார். மலை நல்ல இடம்தான். காற்று குளிர்ச்சி, இரைச்சல் குறைவு. ஆனால் கடன் தவணையும் பிள்ளையின் மார்க்கும் பற்றிய நினைப்பு அங்கேயும் கூடவே வரும். மலை ஏறித்தான் தொடங்க வேண்டும் என்று இருந்தால் தொடங்கவே மாட்டோம்.

இதற்கு நம் திருக்கோவிலூரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1896 ஆகஸ்ட் 29 அன்று வெங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் மதுரையில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவர்தான். விழுப்புரத்திலிருந்து மாம்பழப்பட்டு வரைக்கும்தான் ரயிலுக்குக் காசு இருந்தது. மீதியை நடந்தார். மாலையில் தென்பெண்ணைக் கரையில் அறகண்டநல்லூர் கோயிலில் தியானத்தில் அமர்ந்தார். நடை சாத்த வேண்டும் என்று அர்ச்சகர் எழுப்பினார். கோயில்காரர்களோடு எதிர்க்கரைக்கு, திருக்கோவிலூருக்கு வந்து கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் மறுபடி அமர்ந்தார். பூசை முடிந்ததும் அங்கேயும் எழுப்பினார்கள். சோறு கேட்டதற்கு இல்லை என்று பதில் வந்தது. கோயில் மேளக்காரர்தான் தன் பங்குச் சோற்றைக் கொடுக்கச் சொன்னார். தண்ணீருக்குப் போன இடத்தில் பையன் மயங்கி விழுந்தார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துக்கிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது. காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்.

அவருக்குக் கிட்டிய நிலை நமக்கும் முதல் நாளே கிட்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் எழுப்பிவிடப்பட்டதும் அடுத்த இடத்தில் உட்கார்ந்தார் பாருங்கள், நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். பயிற்சி என்பதே திரும்ப உட்காருவதில் இருக்கிறது.

இனி முறைக்கு வருவோம். காலையில் பல் துலக்கிய பின், போனைக் கையில் எடுப்பதற்கு முன், 10 நிமிடம் ஒதுக்குங்கள். பசி வயிற்றைக் கிள்ளும்போதும் வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். பாயில் சம்மணமிட்டு உட்காரலாம். முட்டி வலி உள்ளவர்கள் பாதம் தரையில் பதிய நாற்காலியில் உட்காரலாம், அதில் குறைவொன்றும் இல்லை. முதுகு நிமிர்ந்திருக்கட்டும், தோள் தளர்ந்திருக்கட்டும். கண்ணை மூடி, மூச்சு மூக்கு நுனியில் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். இழுக்கவோ அடக்கவோ வேண்டாம், அது தானாக நடக்கட்டும். ஒவ்வொரு மூச்சு வெளியே வரும்போதும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

மூன்றோ நான்கோ எண்ணுவதற்குள் மனம் வேறெங்கோ போயிருக்கும். இங்கேதான் பலர், "எனக்கு இது சரிப்படாது" என்று எழுந்துவிடுகிறார்கள். மேய்கிற மாடு வரப்பைத் தாண்டினால் அதை அடிக்கவா செய்கிறோம்? கயிற்றைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவருகிறோம். மனம் போனது தெரிந்ததும், திட்டிக்கொள்ளாமல் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். பத்து நிமிடத்தில் முப்பது தடவை போய், முப்பது தடவை திரும்பினால், முப்பது தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள்.

அன்றைய தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, 1902இல் திருவண்ணாமலையில் ரமணரிடம் கேட்ட கேள்விகளும் அவர் எழுதிக் காட்டிய பதில்களும்தான் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின. நம்மைப் போல ஆபீஸ் போய்வந்த ஒருவரின் கேள்விகள் அவை. எண்ணம் எழுவதை ரமணர் அதில் குற்றமாகச் சொல்லவில்லை. எழுகிற ஒவ்வொன்றும் யாருக்கு எழுகிறது என்று விசாரிக்கச் சொன்னார். மூச்சு வழிப் பயிற்சியை மனம் அடங்க உதவும் துணையாகத்தான் வைத்தார், முடிவாக வைக்கவில்லை. தொடங்குகிறவருக்கு அந்தத் துணை போதும்.

சில தொல்லைகள் வரும். தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்துகொள்ளுங்கள். கால் மரத்துப்போனால் மெதுவாக மாற்றி வையுங்கள். மனம் பரபரப்பாக இருந்தால் வெளியே விடும் மூச்சை மட்டும் நிதானமாக நீளவிடுங்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவது உடலின் இயல்பு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் 1979இல் தீராத வலியுள்ள நோயாளிகளுக்காகத் தொடங்கிய 8 வாரப் பயிற்சியிலும் மூச்சைக் கவனிப்பது முக்கியமான பாடம். ஆனால் தியானம் மருந்துக்கு மாற்று ஆகாது. மனநலத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை நிறுத்தாமல், டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கண்ணை மூடியதும் பயமோ பழைய துயரமோ பொங்கினால் கண்ணைத் திறந்து எழுந்துவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டினால்தான் தியானம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோயங்கா மரபின் 10 நாள் விபாசனா தியான முகாம்கள்கூட, முடித்தவர்கள் விரும்பித் தரும் நன்கொடையில்தான் நடக்கின்றன. கூட இருந்து சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் அக்கம்பக்கத்து மனவளக்கலை மன்றத்தில் கேட்டுப் பாருங்கள்.

நாளைக் காலையே தொடங்குங்கள். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், ஒரே நேரம், ஒரே இடம், 10 நிமிடம். ஒரு நாள் விட்டுப்போனால் வருத்தப்படாமல் மறுநாள் உட்காருங்கள். பலன் வந்ததா என்று தினமும் அளந்து பார்க்க வேண்டாம், 48ஆம் நாள் பார்த்துக்கொள்ளலாம்.